கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும் இதயக் கணக்கு

பிள்ளைப்பேறு முடிந்ததும் கர்ப்பவதிப் பதிவேடு அலுமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைப் பள்ளிக்கூட அனுமதிவரை பொலித்தீன் உறைபோட்டுக் காப்பாற்றும் வீட்டிலேயே, தாயின் கொப்பி பழைய பேப்பரோடு சேர்ந்து நிறுவைக்குப் போய்விடும். 50 வயதில் நெஞ்சு நோவோடு வைத்தியசாலைக்குப் போகும்போது அந்தக் கொப்பியை யாரும் கேட்பதில்லை. கொண்டுபோகவும் யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் இதயத்தைப் பற்றிய முதல் தடயங்கள் பலவேளை அதில்தான் இருக்கும்.

காரணம் எளிது. கர்ப்ப காலத்தில் உடலிலுள்ள இரத்தத்தின் அளவு 40 முதல் 50 வீதம்வரை கூடுகிறது. இதயம் அத்தனையையும் ஓட்ட வேண்டும். இரத்தக்குழாய்கள் விரிந்து கொடுக்க வேண்டும். கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டும். சாதாரண நாட்களில் தெரியாத பலவீனம் அந்த 9 மாதத்தில் வெளியே வரும். பிள்ளை பிறந்ததும் பிறசர் இறங்கிவிடும், சீனியும் சரியாகிவிடும், 'எல்லாம் சுகம்' என்று வீட்டுக்கு வருவோம். அடியில் இருந்த பலவீனம் போய்விடுவதில்லை. கர்ப்பத்தில் பிறசர் கூடிச் சிறுநீரில் புரதம் போன பெண்ணுக்கு, அதாவது பிரீஎக்லம்சியா வந்தவருக்கு, பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 மடங்கு. நிரந்தர உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 3 முதல் 4 மடங்கு. கர்ப்பத்தில் சீனி வந்தவருக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு 7 முதல் 10 மடங்கு.

ஒரு தாளில் எழுதுங்கள்

முதல் வேலை, ஏ4 தாள் ஒன்றை எடுத்து உங்கள் மகப்பேற்றுக் கதையை எழுதுவது. கொப்பி கையில் இருந்தால் அரை மணித்தியாலம் போதும்.

ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் ஒரு வரி. பிறந்த ஆண்டு, எத்தனையாவது கிழமையில் பிறந்தது, பிறப்பு நிறை, கிளினிக்கில் எழுதிய ஆகக் கூடிய பிறசர், குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கத் தந்து எடுத்த சோதனையின் முடிவு. 37 கிழமைக்கு முன் பிறந்த பிள்ளை, 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை, நேரத்துக்கு முன் நச்சுக்கொடி கழன்ற பேறு, வயிற்றில் இறந்த பிள்ளை, அடுத்தடுத்த கருச்சிதைவு எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதக் கை வராத வரிகளும் இருக்கும். ஆனாலும் அவைதான் இதய வைத்தியருக்கு அதிகம் சொல்லும்.

கொப்பி இல்லையா? இடப்பெயர்வில் தொலைத்தவர்கள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். பிறப்பு நிறையைப் பிள்ளையின் பதிவேட்டில் பார்க்கலாம். மற்றவற்றை ஞாபகத்திலிருந்து எடுக்கச் சில கேள்விகள் உதவும். பிறசருக்காக மெத்தில்டோபாக் குளிசை ஒரு நாளைக்குப் பலதடவை போட்டீர்களா? வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் ஏற்றினார்களா? முகமும் கையும் வீங்கித் தலையிடியோடு வார்ட்டில் கிடந்தீர்களா? நாளுக்கு முன்னரே 'பிள்ளையை எடுக்க வேண்டும்' என்று சொன்னார்களா? ஒன்றுக்கு 'ஓம்' என்றாலும் அதை எழுதிவிடுங்கள். அம்மாவிடமோ மாமியிடமோ கேட்டால் இன்னும் இரண்டு விஷயம் வரும். பேற்றுக்குத் துணைக்கு நின்றவர்களுக்கு அந்த நாட்கள் மறப்பதில்லை.

அடுத்த பகுதியில் மாதவிடாய். வந்த வயது, ஒழுங்காக வந்ததா, நின்ற வயது. கர்ப்பப்பை எடுத்திருந்தால் சூலகங்களையும் எடுத்தார்களா என்பது. பலருக்கு இது தெரியாது, வைத்தியசாலை தந்த வெளியேறல் அட்டையைப் பார்த்தால் இருக்கும். பாவித்த குடும்பக் கட்டுப்பாட்டு முறைகள். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தோ கதிர் சிகிச்சையோ எடுத்திருந்தால் அதுவும் வேண்டும், ஏனென்றால் சில புற்றுநோய் மருந்துகள் இதயத் தசையைப் பலவீனப்படுத்தும். கடைசியாகக் குடும்பம்: அப்பா அல்லது சகோதரனுக்கு 55 வயதுக்கு முன், அம்மா அல்லது சகோதரிக்கு 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்ததா? இப்போது போடும் குளிசைகளை அளவோடு எழுதி முடியுங்கள்.

இந்தத் தாளை எந்த வைத்தியரிடமும் முதல் நிமிடத்திலேயே நீட்டலாம். கூச்சமாக இருந்தால் சொல்ல வேண்டியது ஒரு வசனம்தான்: "டொக்டர், ரெண்டாவது பிள்ளைக்கு ஏழாம் மாசம் பிறசர் கூடி வார்ட்டிலை இருந்தனான், பிள்ளை ஒண்டு எண்ணூறுதான் இருந்தது." இதைக் கேட்ட வைத்தியர் உங்கள் பிறசர் இலக்கங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்.

பிறசரைச் சரியாக அளப்பது

பிழையாக அளந்த பிறசர், அளக்காத பிறசரைவிட மோசம். 10 வீடுகளுக்கு ஒரு மெஷின் என்று இப்போது ஊரில் பழக்கமாகிவிட்டது; அது நல்லது. ஆனால் கையில் சுற்றும் பட்டி எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்தாது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் நாடாவால் கைச் சுற்றளவை அளங்கள். 22 முதல் 32 சென்ரிமீற்றர் என்றால் சாதாரணப் பட்டி போதும். 32க்கு மேலே போனால் பெரிய பட்டி வேண்டும். சிறிய பட்டியை இறுக்கிச் சுற்றினால் இல்லாத பிறசரைக் காட்டும், தேவையில்லாமல் குளிசை தொடங்கப்படும்.

சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு அளப்பது பெண்களிடம் அடிக்கடி நடக்கும் பிழை. இறுக்கமான பிளவுஸ் கையைச் சுருட்டினால் அது கயிறு கட்டியதுபோல் கையை நெரிக்கும். கையை முழுவதும் வெளியே எடுங்கள், அல்லது தளர்ந்த சட்டையோடு அளங்கள். அளப்பதற்கு அரை மணித்தியாலம் முன்னர் தேத்தண்ணி, கோப்பி வேண்டாம். சலம் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு சாய, பாதம் இரண்டும் நிலத்தில் பட, 5 நிமிடம் கதைக்காமல் இருங்கள். கை மேசையில், நெஞ்சு மட்டத்தில். ஒரு நிமிட இடைவெளியில் 2 தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள்.

7 நாள், காலையும் பின்னேரமும். காலையில் குளிசை போட முன்னர் அளக்க வேண்டும். முதல் நாள் இலக்கங்களை விட்டுவிட்டு மற்ற 6 நாட்களின் சராசரியை எடுங்கள். வீட்டில் 135/85 அல்லது அதற்கு மேல், கிளினிக்கில் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் வைத்தியரிடம் போக வேண்டிய பிறசர். 180/120 ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு நோ, மூச்சு முட்டல், பார்வை மங்கல் இருந்தால் அன்றே, அந்த நேரமே வைத்தியசாலை.

இடுப்பளவும் எடுங்கள். பாவாடை நாடா கட்டும் இடம் இடுப்பல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், தோலில் நாடா படும்படி, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நம் தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர்தான் எல்லை. ஆள் மெலிவாக இருந்தாலும் வயிறு மட்டும் வைத்திருந்தால் அது கணக்கில் வரும். தையல்காரர் எழுதி வைத்திருக்கும் அளவு இதற்கு உதவாது, அது உடுப்புக்கு மேலே எடுத்தது.

எங்கே போவது

அலைய வேண்டியதில்லை. ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழும் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 1996 இல் தொடங்கிய இலவச சேவை இது. 35 வயதையும் 45 வயதையும் குறிவைத்துக் கருப்பைக் கழுத்துச் சோதனை செய்வார்கள். கூடவே மார்பகம், தைரொயிட், பிறசர், சீனி, நிறை எல்லாம் பார்ப்பார்கள். 'அது புற்றுநோய் பார்க்கிற இடம்' என்று நினைத்துப் பலர் போவதில்லை. போகிறவர்களும் கருப்பைக் கழுத்துச் சோதனை முடிந்ததும் எழும்பி வந்துவிடுகிறார்கள். அந்தக் கதிரையிலேயே பிறசரையும் சீனியையும் கேட்டு வாங்கி, இலக்கத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். கிளினிக் நாளும் நேரமும் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தருக்குத் தெரியும். பிள்ளை பெற்ற காலத்தோடு அவரோடு உறவு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

35 வயதுக்கு மேற்பட்ட எவரும் பிரதேச வைத்தியசாலைகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்துக்கும் போகலாம். சாப்பிடாமல் போனால் சீனியை அங்கேயே பார்ப்பார்கள். அடுத்த 10 ஆண்டில் மாரடைப்பு வரும் வாய்ப்பை ஓர் அட்டவணையில் வைத்துச் சொல்வார்கள். ஒன்றை மனதில் வையுங்கள்: அந்த அட்டவணை வயது, பிறசர், சீனி, புகைத்தல், கொலஸ்ரரோல் போன்றவற்றைத்தான் கேட்கும். பிரீஎக்லம்சியாவைக் கேட்காது. எனவே 'வாய்ப்புக் குறைவு' என்று பச்சை நிறத்தில் வந்தாலும், மகப்பேற்றுத் தாளில் மேலே சொன்னவை இருந்தால் அதைக் காட்டி, ஆண்டுக்கு ஒருமுறை பிறசரும் சீனியும் பார்க்க ஒழுங்கு செய்யுங்கள்.

வெறும் வயிற்றுச் சீனி 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு முறை வந்தால் நீரிழிவு. 100க்கும் 125க்கும் இடையில் வந்தால் கதவடியில் நிற்கிறது என்று எடுங்கள். வெறும் வயிறு என்றால் 8 மணித்தியாலம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை. சீனி போடாத பிளேன்ரீயும் வேண்டாம்.

பிள்ளை பெற யோசிப்பவர்களும் இதய வருத்தம் உள்ளவர்களும்

இலங்கையில் தாய்மாரின் இறப்புக்கு முன்னணிக் காரணங்களில் ஒன்று இதய நோய். முதல் கிளினிக்கில் வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைப்பது வெறும் சம்பிரதாயமல்ல. வாதக்காய்ச்சலால் சிறுவயதில் பழுதான வால்வு, பெரும்பாலும் மைட்ரல் வால்வு, முதல் கர்ப்பத்தில்தான் பிடிபடும். தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து, பிறகு மூட்டு மூட்டாக வீங்கிய சிறுபராயம் உங்களுக்கு உண்டா? அதற்குக் காரணமான தொண்டைக் கிருமி நெருக்கமாக ஆட்கள் படுத்தெழும்பும் இடங்களில் இலகுவாகப் பரவும். 1995 இடப்பெயர்விலும் பிறகு முகாம்களிலும் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று தாய்மாராக இருக்கும் வயதினர். அப்படியொரு காய்ச்சல் ஞாபகத்தில் இருந்தால் கர்ப்பம் தரிக்க முன்னரே ஓர் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கக் கேளுங்கள். மாதாந்தப் பெனிசிலின் ஊசி போட்டவர்கள் 'கல்யாணம் கட்டியாச்சு' என்று தாங்களாக நிறுத்தக்கூடாது.

உயர் பிறசருக்கோ கொலஸ்ரரோலுக்கோ குளிசை போடுபவர், பிள்ளைக்கு முயல முன்னர் விஓஜியிடம், அதாவது மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணரிடம், குளிசைகளைக் காட்ட வேண்டும். எனலாப்ரில், லொசார்டன் வகைகள் வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அவற்றுக்குப் பதிலாக மெத்தில்டோபா, நிபெடிபின், லபெற்றலோல் போன்றவை இருக்கின்றன. கொலஸ்ரரோல் குளிசையையும் பொதுவாக நிறுத்துவார்கள். உலோக வால்வு வைத்து, இரத்தம் கட்டாமலிருக்க வார்பரின் போடுபவர் இதய நிபுணரோடும் விஓஜியோடும் கதைக்காமல் கர்ப்பம் தரிப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. வார்பரினைத் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து, வால்வில் இரத்தம் கட்டிவிடும்.

முன்னைய கர்ப்பத்தில் பிரீஎக்லம்சியா வந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தில் 12 ஆவது கிழமையளவில் குறைந்த அளவு அஸ்பிரின் தொடங்குவார்கள். 16 கிழமைக்கு முன் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன். 'மூன்று மாதம் முடியட்டும், கண்ணூறு படும்' என்று பதியாமல் இருப்பவர்கள் தவறவிடுவது இந்தக் கால இடைவெளியைத்தான். ஊருக்குச் சொல்ல வேண்டாம், குடும்ப நல உத்தியோகத்தருக்கு மட்டும் சொல்லுங்கள்.

பிள்ளை பிறந்த 6 கிழமை

பேற்றுக்குப் பின் பிறசர் ஆகக் கூடுவது 3 ஆம் நாளுக்கும் 6 ஆம் நாளுக்கும் இடையில். அப்போது பெரும்பாலானவர்கள் வீட்டுக்கு வந்திருப்பார்கள். 31 ஆம் நாள் துடக்குக் கழியும்வரை தாய் வெளியே போகாத வழக்கம் ஓய்வுக்கு நல்லது. ஆனால் தலையிடி, கண் மின்னல், மேல்வயிற்று நோ, மூச்சு வாங்கல் வந்தால் துடக்கைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. முதல் 10 நாளுக்குள் குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார். அவர் வந்தவுடன் பிள்ளையை மட்டும் காட்டி அனுப்பாமல், "என்ரை பிறசரையும் ஒருக்காப் பாருங்கோ மிஸ்" என்று கேளுங்கள்.

கடைசி மாதத்திலிருந்து பேற்றுக்குப் பின் 5 மாதம்வரை இதயத் தசை திடீரெனத் தளர்ந்துபோகும் வருத்தமொன்று இருக்கிறது. இது பச்சைத்தாய்க் களைப்போடு கலந்து தெரிவதால் பிந்திப் பிடிபடும். பிரித்தறிய ஒரு வழி: மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டி எழும்பி இருக்க வேண்டி வருகிறதா? இரவில் இருமல் எழுப்புகிறதா? கால் வீக்கம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறதா? நித்திரைக் குறைவால் வரும் களைப்பு படுத்தால் ஆறும். இது படுத்தால் கூடும். 2 தலையணை, 3 தலையணை என்று வைக்கத் தொடங்கினால் அன்றே வைத்தியசாலைக்குப் போய் எக்கோ கேளுங்கள்.

பத்தியச் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல். சரக்குக் கறியில் தவறில்லை. பிறசர் இருந்த தாய்க்குக் கருவாட்டையும் உப்பு மீனையும் மட்டும் தவிர்த்து, பால்சுறாவையும் முருங்கையிலையையும் தாராளமாகச் சமைத்துக் கொடுங்கள். கர்ப்பத்தில் சீனி இருந்தவர் 6 ஆவது கிழமையில் 75 கிராம் குளுக்கோஸ் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். 2 மணித்தியால இரத்தத்தில் 140க்குக் கீழ் வந்தால் நல்லது, 200 ஐத் தொட்டால் நீரிழிவு. சரியாக வந்தாலும் 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாடும் திருவிழாக் குளிசையும்

மிதுரி போன்ற கர்ப்பத்தடைக் குளிசையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. அது இரத்தம் கட்டும் தன்மையைக் கூட்டும், பிறசரையும் சிலருக்கு ஏற்றும். சுகமான இளம் பெண்ணுக்கு அது பெரிய பிரச்சினையல்ல. ஆனால் பிறசர் 140/90 அல்லது அதற்கு மேல் உள்ளவர், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியவர், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர், ஒற்றைத் தலையிடிக்கு முன் கண்ணில் மின்னலோ நெளிகோடுகளோ தெரிபவர், 35 வயதுக்கு மேல் புகைப்பவர் இதை எடுக்கக்கூடாது. பேற்றின் பின் முதல் 6 கிழமையும் வேண்டாம். பால் கொடுப்பவர் 6 மாதம் பொறுக்க வேண்டும். குளிசைப் பட்டை வாங்க முன்னர் பிறசர் பார்ப்பதுதான் முதல் படி; 3 மாதத்தில் இன்னொரு தடவை.

இதய வருத்தம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது கர்ப்பப்பைக்குள் வைக்கும் செப்பு லூப். ஹோர்மோன் இல்லை, 10 ஆண்டு நிற்கும். ஆனால் இரத்தப்போக்கைக் கொஞ்சம் கூட்டும் என்பதால் வார்பரின் போடுபவருக்குச் சரிவராமல் போகலாம். கைத் தோலுக்குக் கீழே வைக்கும் ஜடெல் 5 ஆண்டுக்கு; அதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. 3 மாத டெப்போ ஊசியிலும் ஈஸ்ட்ரோஜன் இல்லையென்றாலும் பிறசர், சீனி, கொலஸ்ரரோல் எல்லாம் சேர்ந்திருப்பவருக்கு அது முதல் தெரிவல்ல.

இனித் திருவிழாக் குளிசை. நல்லூர் 25 நாள், அதோடு ஊர்க் கோயில் திருவிழா, கல்யாண வீடு, அந்தியேட்டி. மாதவிடாயைத் தள்ளிப்போட நொரெதிஸ்டெரோன் 5 மில்லிகிராம் குளிசையை நாளுக்கு 3 என்று பாமசியில் கேட்டு வாங்குவது இங்கே சர்வசாதாரணம். வயிற்றுக்குள் போனபின் அதில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறும் என்பதை வாங்குபவர் அறிவதில்லை. ஆகவே மிதுரி எடுக்கக்கூடாதவருக்கு இதுவும் கூடாது. இரத்தம் கட்டிய சரித்திரம் உள்ளவர், வால்வு மாற்றியவர், பிறசர் கூடியவர் வைத்தியரின் துண்டு இல்லாமல் தொடவே வேண்டாம். மற்றவர்களும் மகளுக்கு வாங்கியதைத் தாய்க்கும் பங்கிட்டு, 3 கிழமை தொடர்ந்து விழுங்கக்கூடாது. எடுக்கும் நாட்களில் ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், அல்லது திடீரென மூச்சு வாங்கினால், குளிசையை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். முருகன் ஒருநாளும் இதைக் கேட்டதில்லை.

கூடிய இரத்தப்போக்கு, குறைந்த மாதவிடாய்

படியேறினால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று வரும் பெண்ணுக்கு ஈசிஜி எடுப்பார்கள். கூடவே ஹீமோகுளோபினும் கேளுங்கள். 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு நப்கின் நனைவது, கட்டி கட்டியாகப் போவது, 7 நாளுக்கு மேல் நீடிப்பது எல்லாம் விஓஜியிடம் காட்ட வேண்டிய இரத்தப்போக்கு. கர்ப்பப்பைக் கட்டியைக் கவனித்தாலே நெஞ்சுப் படபடப்பு நின்றுபோனவர்கள் உண்டு. மறுபக்கமும் உண்மைதான். இரும்புக் குளிசை போட்டு ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் மூச்சு வாங்கினால் 'சோகைதான்' என்று விட்டுவிடக்கூடாது, எக்கோ வேண்டும்.

அடைத்த இதயக் குழாயை விரிக்க ஸ்டென்ட் வைத்தவருக்கு மாதவிடாய் பெருகினால், இரத்தம் கட்டாமலிருக்கத் தரும் குளோபிடோக்ரெல்லையும் அஸ்பிரினையும் வீட்டிலேயே நிறுத்திவிடும் வழக்கம் உயிரைக் கொண்டுபோகும். ஸ்டென்ட் சில நாட்களில் அடைத்துவிடலாம். குளிசையைத் தொடர்ந்தபடியே விஓஜியிடம் போங்கள். கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் லூப் போன்ற வழிகள் இருக்கின்றன. இரத்தத்தை நிறுத்தத் தரும் டிரனெக்ஸாமிக் அமிலக் குளிசையையும் ஸ்டென்ட் விபரம் சொல்லாமல் வாங்கக்கூடாது.

பிசிஓஎஸ், அதாவது மாதவிடாய் ஒழுங்கின்றிக் குறைந்து வரும் சூலக நீர்க்கட்டி வருத்தம், உள்ள பெண்பிள்ளைகளைக் 'கல்யாணம் கட்டினால் சரிவரும்' என்று சொல்லிவிடுவதை நிறுத்த வேண்டும். இன்சுலின் சரியாக வேலை செய்யாமை அதில் இருக்கிறது. 20 வயதிலும் பிறசர், இடுப்பளவு, கொலஸ்ரரோல், குளுக்கோஸ் பார்க்க வேண்டும்.

கர்ப்பப்பை எடுப்பதும் மாதவிடாய் நிற்பதும்

கர்ப்பப்பை எடுக்கத் திகதி குறிக்க முன்னர் விஓஜியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதிலை எழுதிக்கொள்ளுங்கள்: சூலகங்களை விடுவீர்களா, எடுப்பீர்களா, ஏன்? புற்றுநோய் அல்லது அதற்கான குடும்ப வாய்ப்பு இருந்தால் எடுப்பது நியாயம். வெறும் கட்டிக்காக 40 வயதில் 'சேர்த்தே எடுத்துவிடுவோம், பிறகு தொல்லையில்லை' என்பது இதயத்துக்கும் எலும்புக்கும் நட்டம். 45 வயதுக்கு முன் இரண்டு சூலகமும் போனால் இதய நோய் வாய்ப்புக் கூடும். அப்படி எடுத்தவருக்கு, மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லையென்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் 50 வயதளவுவரை ஈஸ்ட்ரோஜன் கொடுப்பது வழக்கம். 40க்கு முன் தானாகவே மாதவிடாய் நின்றவருக்கும் இதே பேச்சு. பலர் 'தொல்லை விட்டது' என்று காட்டாமலே விடுகிறார்கள்.

50 வயதில் நிற்பவருக்கு ஹோர்மோன், வெக்கை எழும்பி நித்திரை குழம்பும் தொல்லைக்காகத் தரப்படுவது, இதயத்தைக் காக்கவல்ல. 2002 இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு, ஹோர்மோன் மாரடைப்பைக் கூட்டும் என்று ஊரெங்கும் பயத்தை விதைத்தது, ஆனால் அதில் பங்கெடுத்தவர்களின் சராசரி வயது 63. 60க்குக் கீழ், மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குபவருக்கு ஆபத்து மிகக் குறைவு. தோலில் ஒட்டும் வகை இரத்தம் கட்டுவதைக் கூட்டுவதில்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு இது பொருந்தாது. மாதவிடாய் நிற்கும் ஆண்டையொட்டிக் கெட்ட கொலஸ்ரரோல் ஏறும், ஆகவே 45 இல் எடுத்த இரத்தச் சோதனையை வைத்துக்கொண்டு 55 வரை இருக்க முடியாது. வெக்கை முகத்தில் தொடங்கிச் சில நிமிடத்தில் வியர்த்து அடங்கும். வேலை செய்யும்போது வந்து, இருந்தால் அடங்கும் படபடப்பும் இறுக்கமும் வெக்கையல்ல.

அடுப்படியில்

நீண்ட உபதேசம் வேண்டாம், உப்புப் பைக்கற்றைப் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாள் எல்லை 5 கிராம், மட்டமாக ஒரு தேக்கரண்டி. வளர்ந்தவர்கள் 4 பேர் உள்ள வீட்டில் 400 கிராம் பைக்கற்று 20 நாளாவது நிற்க வேண்டும். பைக்கற்றின் மேல் வாங்கிய திகதியைப் பேனையால் எழுதுங்கள். 10 நாளில் முடிந்தால் இரட்டிப்பு உப்புப் போகிறது. கருவாடும் ஊறுகாயும் பணிசும் அதற்கு மேலே. சொதிக்கு இரண்டாம் பாலே போதும், தேசிக்காய் விட்டால் உப்புக் குறைவது தெரியாது. புட்டின் அளவைப் பாதியாக்கி அந்த இடத்தில் பயறும் கீரையும் வையுங்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையும் புகையிலைதான். ஆச்சிமார் சொல்லாமல் விடுவதால் வைத்தியர் கேட்பதில்லை, நீங்களே சொல்லுங்கள். கிழமைக்கு 150 நிமிட நடை. எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தை இரவு 10 மணிக்குச் சாப்பிடும் பழக்கத்தை வீட்டுக்காரர் சேர்ந்துதான் மாற்ற வேண்டும், அந்தப் பெண் தனியே மாற்ற முடியாது.

நெஞ்சு நோ வந்தால்

பெண்களுக்கும் மாரடைப்பில் ஆகக் கூடுதலாக வருவது நெஞ்சு இறுக்கம்தான். அதோடு, அல்லது அது இல்லாமலும், தாடை, பிடரி, இரண்டு தோள்பட்டைக்கு நடு, மேல்வயிறு நோகலாம். சத்தி, குளிர் வியர்வை, காரணமில்லாத பெரும் களைப்பு வரலாம். 'வாய்வுக் குத்து' என்று ஓமத்தண்ணி, இஞ்சிப் பிளேன்ரீ, சோடா என்று அரை நாள் போய்விடும். 10 நிமிடத்துக்கு மேல் நின்றால் வாய்வு என்று முடிவெடுப்பது ஈசிஜியின் வேலை.

1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வீட்டு இலக்கத்தை மட்டும் சொன்னால் நம் ஒழுங்கைகளில் கண்டுபிடிக்கச் சுணங்கும். பெரிய ரோட்டில் எந்தச் சந்தி, எந்தக் கோயில் அல்லது வாசிகசாலை, அதிலிருந்து எத்தனையாவது ஒழுங்கை, படலையின் நிறம் என்று சொல்லுங்கள். ஒருவரை முடக்கில் நிறுத்துங்கள். அஸ்பிரின் ஒவ்வாமை இல்லை, இரத்தப்போக்கு இல்லை, வாய் கோணல் கை கால் விழுதல் இல்லை என்றால் 300 மில்லிகிராம், அதாவது 75 மில்லிகிராம் குளிசை 4, சப்பி விழுங்கக் கொடுக்கலாம். கர்ப்பிணிக்கும் அண்மையில் பிள்ளை பெற்றவருக்கும் தாங்களாகக் கொடுக்க வேண்டாம், இளம் தாய்மாருக்கு இதயக் குழாயின் சுவர் தானாகக் கிழிவதும் உண்டு. அம்புலன்ஸில் வருபவரிடம் சொல்லுங்கள்.

பின்னேரம் நிபுணரைச் சனல் பண்ண இலக்கம் எடுத்துக் காத்திருக்கக்கூடாது. மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோகவும் கூடாது. யாழ் போதனா வைத்தியசாலை தூரமென்றால் தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் கிட்டியது எதுவோ அங்கே. நெடுந்தீவில் இருப்பவர் குறிகாட்டுவானுக்குப் படகைப் பார்த்து நிற்காமல், முதலில் அங்குள்ள பிரதேச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அனுப்பும் ஒழுங்கை அவர்கள் செய்வார்கள்.

வாசலிலேயே "நெஞ்சு நோ" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள். "வயித்துக்குள்ளை ஒரு மாதிரி" என்று தொடங்கினால் வரிசையில் பின்னே போய்விடுவீர்கள். வந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுப்பதுதான் முறை. அந்த ஏ4 தாளைக் கொடுங்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தும் நோ நிற்காவிட்டால், எழும்பிப் போகாமல், இரண்டாவது ஈசிஜியும் சில மணித்தியாலம் கழித்துத் திரும்ப எடுக்கும், இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தச் சோதனையும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அங்கேயே இருங்கள்.